ஜாவா மெத்தடுக்கு மதிப்பு அனுப்புதல்

ஜாவா நிரலில் ஒரு மெத்தடை அழைக்கும்போது அடைப்புக்குறிக்குள் தரப்படும் மதிப்பு ஆர்குமென்ட் எனப்படும். அதைப் பெற்றுக்கொள்ள மெத்தடின் வரையறையில் எழுதப்படும் மாறி அளபுரு ஆகும். இரண்டின் எண்ணிக்கையோ தரவினமோ பொருந்தாவிட்டால் கம்பைலரே பிழை காட்டிவிடும்.

கம்பைலர் காட்டாத பிழைதான் மாணவர்களை அலைக்கழிக்கிறது. அ என்ற மாறியில் 5, ஆ என்ற மாறியில் 8 உள்ளன. (ஜாவாவில் மாறிக்குத் தமிழெழுத்திலும் பெயரிடலாம்.) இவற்றை இடம் மாற்ற ஒரு மெத்தட் எழுதி, அதை அழைத்தபின் அச்சிட்டாலும் 5, 8 என்றே வரும். மெத்தடுக்குச் சென்றவை நகல்கள். இடம் மாறியவையும் அந்த நகல்களே. மெத்தட் முடிந்ததும் அவை மறைந்துவிடும்.

ஆனால் ஓர் அணியை அனுப்பி, மெத்தடுக்குள் அதன் முதல் உறுப்பை 100 ஆக்கினால், வெளியேயும் 100 என்றே இருக்கும். இதைக் கண்டு, ஜாவா அணிகளைக் 'குறிப்பு மூலம் அழைத்தல்' முறையில் அனுப்புகிறது என்று பலரும் விடைத்தாளில் எழுதிவிடுகின்றனர். அது தவறு. மாறியில் இருப்பது அணி அன்று. அணியைச் சுட்டும் குறிப்பு. அந்தக் குறிப்புதான் நகலாகிறது.

ஒரே வீட்டின் முகவரியை இரண்டு தாள்களில் எழுதி இருவரிடம் கொடுத்தது போன்றது இது. ஒருவர் போய் அவ்வீட்டுக்கு வெள்ளையடித்தால், பிறகு செல்லும் மற்றவரும் வெள்ளையடித்த வீட்டையே காண்பார். ஆனால் ஒருவர் தம் தாளில் வேறு முகவரியை எழுதிக்கொண்டால் மற்றவர் தாள் மாறாது. அதுபோலவே, மெத்தடுக்குள் அளபுருவில் ஒரு புதிய அணியை இட்டாலும், வெளியே உள்ள மாறி பழைய அணியையே சுட்டிக்கொண்டிருக்கும்.

மெத்தட் கணக்கிட்ட எண் வெளியே தேவையெனில், அதை ரிட்டர்ன் கட்டளையால் திருப்பி அனுப்பி, அழைத்த இடத்தில் மீண்டும் மாறியில் இட்டுக்கொள்ள வேண்டும்.