வயதாகிவிட்டது என்பது வைத்தியமல்ல!

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று ஊரார் கணக்குச் சொல்வர். பக்தன் ஏறுகிறான், பக்தனை நம்பிப் பிழைக்கும் பாட்டாளியும் ஏறுகிறான். பூக்கூடை சுமந்து, கடைச்சரக்குத் தூக்கி, இருபது வயதில் இரண்டிரண்டு படியாகத் தாவியவனுக்கு, அறுபதில் மூச்சு வாங்குகிறது, முழங்கால் முனகுகிறது. "ஏனய்யா இப்படி?" என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? "வயதாகிவிட்டது!"

மகன் சொல்கிறான், வயதாகிவிட்டதென்று. அண்டை வீட்டான் சொல்கிறான், வயதாகிவிட்டதென்று. கடைசியில் பெரியவரே அதைச் சொல்லி, சுவரோரம் சாய்ந்துவிடுகிறார். நாம் கேட்கிறோம்: வயது என்பது நோயின் பெயரா? மூச்சு வாங்குவது இதயக் கோளாறாக இருக்கலாம். நுரையீரல் நோயாக இருக்கலாம். இரத்தச் சோகையாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு, சிகிச்சை உண்டு. "வயது" என்ற ஒற்றைச் சொல்லுக்குத்தான் மருந்தே கிடையாது! அதனால்தான் அந்தச் சொல் ஆபத்தானது.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம்... இங்கெல்லாம் தறியை நம்பி வாழ்வோர் ஏராளம். அறுந்த இழை கண்ணுக்குத் தெரியும் வரையில்தான் நெசவாளிக்குக் கூலி. கண்ணில் புரை படர்ந்தால்? முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டு, சோடா புட்டி போன்ற கண்ணாடியை மாட்டிவிடுவர். இரண்டாம் உலகப் போரில், விமானத்தின் பிளாஸ்டிக் கூரைச் சில்லுகள் சில விமானிகளின் கண்ணுக்குள் தங்கியும் கண் அவற்றை வெறுக்கவில்லை என்பதைக் கவனித்தார் ஹெரால்டு ரிட்லி என்ற ஆங்கில மருத்துவர். 1949-இல், அதே இனப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து கண்ணுக்குள்ளேயே பொருத்தினார். அறிவியல் வென்றது! ஆனால் அந்த வில்லை நெடுங்காலம் பணமுள்ளவன் கண்ணுக்கே எட்டியது.

அதை ஏழையின் கண்ணுக்கும் எட்டச் செய்தவர் யார்? மதுரை டாக்டர் வெங்கடசாமி. முடக்குவாதம் அவர் விரல்களை முறுக்கிப் போட்டிருந்தது. அரசுப் பணியில் ஓய்வு பெற்றபோது வயது 58. அந்த 1976-இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் மதுரையிலேயே வில்லைத் தொழிற்கூடமும் எழுந்தது; விலை பலமடங்கு சரிந்தது. "எனக்கும் வயதாகிவிட்டது" என்று அவர் சாய்வு நாற்காலியைத் தேடியிருந்தால், எத்தனை தறிகள் நின்று போயிருக்கும்!

இன்னொன்றும் சொல்லிவைப்போம். புரையால் மங்கிய பார்வை அறுவையால் திரும்பும். கண் அழுத்த நோயால் போன பார்வை திரும்பவே திரும்பாது. இருப்பதைக் காக்கலாம், அவ்வளவே. இரண்டையும் "வயது" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால், எதை இழக்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் இழப்போம்.

கண்ணாவது மங்கும்போது எச்சரிக்கிறது. இரத்தக் கொதிப்பு எச்சரிப்பதில்லை. ஓசையின்றி உள்ளே உட்கார்ந்து மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் அரிக்கிறது. 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கு என்ன சொன்னது? வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்குக் கொதிப்பு. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்! நீரிழிவைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். மற்றவர்கள்?

அந்த நிலையை மாற்றத்தான் 2021 ஆகஸ்டு 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டது. கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு. நடக்க முடியாதோர்க்கு இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்குள்ளேயே. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதைத் தேடி வந்தது. ஆனால் வாசலுக்கு வந்த மருத்துவத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புவது எது? "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்ற எண்ணம்! மாத்திரை கொதிப்பை அடக்கிவைத்திருக்க, நோயே ஓடிவிட்டதென்று எண்ணி மாத்திரையை நிறுத்துகிறோம். காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்துவைப்பதற்கு இது ஒப்பு.

பிறகு வருகிறது பக்கவாதம். வாய் கோணும், ஒரு கை துவளும், பேச்சு குழறும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று எண்ணெய் தேய்ப்பவர் உண்டு. மந்திரிக்கச் சொல்பவரும் உண்டு. விடியும்போது வேளை கடந்திருக்கும்! இரத்தக் கட்டி அடைத்ததால் வரும் பக்கவாதத்துக்கு, அதைக் கரைக்கும் மருந்து உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் என்று 1995-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நாலரை மணி வரை நீட்டலாம் என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன் எடுத்த பிறகே சொல்ல முடியும். திருத்தணியிலிருந்து சென்னை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். கணக்குப் போடுங்கள், தோழர்களே! உடனே 108-ஐ அழைத்த வீட்டுக்கும், ஒரு மணி நேரம் யோசித்த வீட்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒரு மனிதன் எழுந்து நடப்பதா, படுக்கையில் கிடப்பதா என்பதுதான்.

அறிவியல் வளர்கிறது, அதன் நிழலில் ஏமாற்றும் வளர்கிறது. "ஒரே மாதத்தில் சர்க்கரைக்கு முடிவு", "முழங்கால் வலி மூன்றே நாளில் பறக்கும்" என்று கைபேசியில் நாள்தோறும் செய்தி. மூன்று கேள்வி கேளுங்கள்: சொல்பவன் யார்? எத்தனை பேரிடம் சோதித்தான்? விற்பதற்கு அவனிடம் என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்வியிலேயே பல சாயம் வெளுத்துவிடும். மூட்டு வலிக்குக் கடையில் தானாக வாங்கி நாள்தோறும் விழுங்கும் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். கொதிப்பு உள்ளவர்க்கு இரட்டைக் கேடு.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. அந்த எல்லைப் போராட்டத்தில் முழங்கிய இளைஞர் இன்று எண்பதைத் தாண்டியவர். ஊரை மீட்ட கைகளில் இன்று ஆங்கில மருந்துச் சீட்டு. என்ன எழுதியிருக்கிறதென்று கேட்கவும் கூச்சம். தமிழ் பேசுவோனாயினும் தெலுங்கு பேசுவோனாயினும், தன் உடலைப் பற்றித் தனக்குப் புரியும் மொழியில் கேட்டறிவது அவன் உரிமை. அது சலுகையல்ல!

ஆகவே, படிப்பகம் கண்ட தோழர்களுக்கு ஒரு வேலை. எழுதப் படிக்கத் தெரியாதோர் காதில் உலகச் செய்தியை உரக்கப் படித்துச் சேர்த்த மரபு நம்முடையது. அந்தக் குரல் இனி மருத்துவச் செய்தியையும் படிக்கட்டும். தெருவிலுள்ள ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். கொதிப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, என்ன மாத்திரை, எந்த வேளை என்று எழுதிவையுங்கள். கண் சோதனைக்குக் கை பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

பெரியார் 94 வயதில், சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்திய நிலையிலும், 1973 டிசம்பர் 19 அன்று சென்னை மேடையில் முழங்கினார். ஐந்தாம் நாள் வேலூர் மருத்துவமனையில் மறைந்தார். மருத்துவம் தந்த துணையை மறுக்கவுமில்லை. வயதைக் காட்டி ஒதுங்கவுமில்லை.

முதுமை வரட்டும், அது இயற்கை. அறியாமையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வர அதற்கு இடங்கொடோம்!