லேட்டா வர்ற லோக்கல்ல மட்டும் ஏன் இவ்ளோ கூட்டம்?

இந்த எபிசோடு, காலையில தாம்பரம் – கடற்கரை லைன்ல ஆபீஸ் போறவங்களுக்கு. ட்ரெயின் லேட்டா வருது, உள்ளே கால் வைக்க இடமில்ல. எப்படியோ தொத்திக்கிட்டுப் போறீங்க. ரெண்டே நிமிஷத்துல பின்னாடியே இன்னொரு ட்ரெயின், கொஞ்சம் காலியா வருது. இது உங்க ராசி இல்ல, கணக்கு.

18 செகண்ட் என்ன பண்ணும்?

ஒரு கதவை மட்டும் எடுத்துப்போம். புரியறதுக்காக நான் போடுற நம்பர்தான் இது. அந்தக் கதவுக்கு நேரா நிமிஷத்துக்கு 4 பேர் வந்து சேர்றாங்க, 2 பேர் இறங்கணும், ஒரு ஆளுக்கு ஒரு செகண்ட் ஆகும்னு வெச்சுக்கோங்க. 5 நிமிஷ இடைவெளியில ட்ரெயின் வந்தா 20 பேர் ஏறணும், 10 பேர் இறங்கணும். மொத்தம் 30 செகண்ட்.

அதே ட்ரெயின் 3 நிமிஷம் லேட்டானா, அதாவது 8 நிமிஷ இடைவெளியில வந்தா, 48 செகண்ட். ஒரு ஸ்டேஷனுக்கு 18 செகண்ட் கூடுதல். சானடோரியத்துல ஆரம்பிச்சு மாம்பலம் வரைக்கும் எண்ணினா 10 ஸ்டேஷன். இன்னொரு 3 நிமிஷம் போச்சு. இடைவெளி பெருசாகப் பெருசாக, அடுத்த ஸ்டேஷன்ல காத்திருக்கிற கூட்டமும் பெருசாகும். அதனால நிஜத்துல 3 நிமிஷத்தோட நிக்காது.

பின்னாடி வர்ற ட்ரெயினுக்கு நேர் எதிர். அதுக்கு மிச்சம் இருக்கிற ஆட்கள் கம்மி, சீக்கிரம் கிளம்பிடும், முன்னாடி போற ட்ரெயினை நெருங்கிடும். கடைசியில சிவப்பு சிக்னல்ல நிக்கும். ரெண்டு ட்ரெயின் ஓடியும் ஒண்ணுலதான் மொத்தக் கூட்டமும்.

படியில தொங்கினா என்ன ஆகும்?

மூணு பேர் சேர்ந்து ஏறக்கூடிய கதவுல ரெண்டு பேர் கம்பியைப் பிடிச்சு நின்னா, மிச்சம் ஒரு ஆள் போற வழிதான். மேல சொன்ன 'ஒரு ஆளுக்கு ஒரு செகண்ட்' கணக்கு அங்கேயே உடைஞ்சிடும். கூட்டத்தால படியில தொங்குறாங்க. தொங்குறதால ட்ரெயின் இன்னும் லேட்டாகுது. லேட்டானா இன்னும் கூட்டம்.

இது எங்க போய் முடியும்னு நாம பார்த்திருக்கோம். 2018 ஜூலை 24 காலையில மின்கம்பிப் பிரச்சினையால இந்த லைன்ல சேவை பாதிக்கப்பட்டிருந்தது. கிடைச்ச ட்ரெயின்ல எல்லாரும் ஏறினாங்க. பரங்கிமலை ஸ்டேஷன்ல, படியில தொங்கிட்டு வந்தவங்க கான்கிரீட் சுவர்ல மோதி உயிரிழந்தாங்க. படியில பயணம் பண்றது ரயில்வே சட்டம் 1989, பிரிவு 156 படி குற்றம். ஆனா பத்து நிமிஷம் லேட்டா போனா சம்பளத்துல கை வைக்கிற வேலையில இருக்கிறவருக்கு, அந்தச் சட்டத்தைவிட பஞ்ச் மெஷின்தான் பெரிய பயம்.

கதவை மூடிட்டா?

2025 ஏப்ரல்ல சென்னைக்கு வந்த ஏசி லோக்கல்ல தானாவே மூடுற கதவு இருக்கு. சாதாரணப் பெட்டியில அப்படியே கதவை மூடினா உள்ளே மூச்சு முட்டும். 2025 ஜூன் 9 அன்னிக்கு மும்பை பக்கம் மும்ப்ராவுல, தொங்கிட்டு வந்தவங்க விழுந்து இறந்தாங்க. அதுக்கப்புறம் ரயில்வே அறிவிச்ச புது டிசைன்ல காற்று புகுற இடுக்கு வெச்ச கதவு, கூரையில காற்றை உள்ளே தள்ளுற யூனிட், பெட்டிக்குப் பெட்டி நடந்து போற வழி, மூணும் சேர்ந்தே இருக்கு. நல்ல டிசைன்தான். ஆனா கதவுல ஆள் நின்னா அதுவும் மூடாது.

நம்ம கையில என்ன இருக்கு?

லேட்டா, நிரம்பி வழிஞ்சு வர்ற ட்ரெயினை விட்டுடுங்க. அடுத்தது பெரும்பாலும் பக்கத்துலேயே இருக்கும், ஆப்ல ஒரு தடவை பாருங்க. ஏறினா உள்ளே போங்க. "கிண்டியில இறங்க முடியாம போயிடும்"ங்கற பயத்துலதான் பாதிப் பேர் கதவுலயே நிக்கிறாங்க. ஒரு ஸ்டேஷன் முன்னாடியே "அண்ணா, அடுத்தது இறங்கணும்"னு சொன்னா வழி விடுவாங்க.

டீம் லீடா இருந்து இதைக் கேக்கறீங்களா? உங்களுக்குத் தனியா ஒரு வேண்டுகோள். உள்ளே வர்ற நேரத்துல அரை மணி நேரம் தளர்வு குடுங்க. உங்க டீம்ல ஒருத்தர் அடுத்த ட்ரெயினுக்காக நிதானமா நிக்கலாம். அதுக்கு எந்த இன்ஜினியரிங்கும் தேவையில்ல.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்!