மூன்றாமவருக்கு இடமில்லாத மேசை

1988ஆம் ஆண்டு சோல் நகரில் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற டேபிள் டென்னிஸ், இருபது ஆண்டுகளுக்குப் பின் பெய்ஜிங்கில் ஒரு நாட்டின் தனிச் சொத்தாகவே மாறியது. அங்கு ஆடவர் ஒற்றையரில் மா லின், வாங் ஹாவ், வாங் லிச்சின் ஆகியோரும், மகளிர் ஒற்றையரில் ஜாங் யினிங், வாங் நான், குவோ யுவே ஆகியோரும் முதல் மூன்று இடங்களைப் பெற்றதால், ஆறு பதக்கங்களும் சீனாவுக்கே சென்றன. அதுவரை ஒரு நாடு ஒற்றையரில் மூவரைக் களமிறக்கலாம் என்றிருந்த விதி, 2012 லண்டன் போட்டியிலிருந்து இருவர் என்று குறைக்கப்பட்டது.

இந்த மாற்றத்தின் விளைவு ஆட்ட அட்டவணையில்தான் தெளிவாகத் தெரியும். ஒரே நாட்டின் இருவர் அட்டவணையின் எதிரெதிர்ப் பாதிகளில் வைக்கப்படுவதால் அவர்கள் இறுதிப் போட்டியில் மட்டுமே மோத முடியும். மூன்றாமவர் இருந்தால் அவர் ஏதேனும் ஒரு பாதியில் தம் நாட்டவரோடு சேர்ந்தே இருந்தாக வேண்டும். பெய்ஜிங்கில் இரு பிரிவுகளிலும் ஓர் அரையிறுதி சீனர்களுக்கிடையே நடந்து, அதில் தோற்றவர் வெண்கலத்தை வென்றது இப்படித்தான். எனவே புதிய வரம்பு பிறருக்குத் திறந்துவிட்டது பெரும்பாலும் மூன்றாம் படியை மட்டுமே: லண்டன், ரியோ, டோக்கியோ ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் ஒற்றையர் தங்கமும் வெள்ளியும் சீனாவிடமே இருக்க, வெண்கலம் மட்டும் ஜெர்மனி, சிங்கப்பூர், ஜப்பான், வட கொரியா என்று கைமாறியது. அவற்றுள் லண்டனில் சிங்கப்பூருக்குக் கிடைத்த வெண்கலத்தை வென்ற ஃபெங் தியான்வெய்யும் சீனாவின் ஹார்பின் நகரில் பிறந்தவரே என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வரம்பு போட்டியைக் குறைத்தது என்பதைவிட, அதைத் தேர்வு அறைக்குள் தள்ளியது என்பதே பொருத்தம். லண்டனுக்கு உலகத் தரவரிசை வழியே தகுதி பெற்றிருந்த குவோ யானுக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்ட லி ஷியாவ்ஷியாதான் மகளிர் தங்கத்தை வென்றார். 2021இல் உலகச் சாம்பியனான வாங் மன்யு, பாரிஸில் அணிப் பிரிவில் மட்டுமே ஆடினார். இந்த நெருக்கடி சீனாவுக்கு மட்டும் உரியதன்று. டோக்கியோவில் சரத் கமலுடன் ஒற்றையரில் ஆடிய சென்னை வீரர் சத்தியன், பாரிஸ் அணியில் மாற்று வீரராகவே இடம்பெற்றார்.

அதே பாரிஸில்தான் வரம்பின் முழு வலிமையும் வெளிப்பட்டது. கலப்பு இரட்டையர் தங்கத்தை வென்ற கொண்டாட்டத்தின்போது புகைப்படக்காரர் ஒருவர் மிதித்ததில் மட்டை உடைந்துபோன வாங் சூச்சின், மறுநாள் மாற்று மட்டையுடன் ஆடி, சுவீடனின் ட்ரூல்ஸ் மோரெகார்டிடம் தோற்றார். அவருடைய பாதியில் வேறு சீனர் எவரும் இல்லாததால் அங்கு அரையிறுதி சுவீடனுக்கும் பிரேசிலுக்கும் இடையே நடந்தது. முந்தைய இரு ஒலிம்பிக்குகளின் சாம்பியனான மா லாங்கோ அணிப் பிரிவுக்கு மட்டுமே வந்திருந்தார். மோரெகார்டுக்கு வெள்ளி கிடைத்தது. தங்கம், மறுபாதியிலிருந்து வந்த ஃபான் ஜென்தோங் வழியாக மீண்டும் சீனாவுக்கே போனது.