பாட்டியின் பாட்டு எங்கே போனது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் யாரையாவது பாடவைத்துப் பதிவு செய்யாமல் இருப்பதில்லை. நானும் 2016-ல், கல்லூரி விடுமுறையில், பாட்டி பாடிய தாலாட்டை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்தேன். பிறகு விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. ப்ராஜெக்ட் பைலைப் பென் டிரைவில் காப்பி செய்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்தேன். திறந்து பார்த்தால், டேட்டா போல்டரைக் காணவில்லை என்று பிழைச் செய்தி!

தவறு என்னுடையதுதான். அன்றைய பதிப்பில் ஏயுபி என்ற அந்த பைல் வெறும் குறிப்புச் சீட்டு. ஒலி முழுவதும் பக்கத்திலேயே, அதே பெயருடன் 'டேட்டா' என்று முடியும் போல்டரில் துண்டு துண்டாக இருக்கும். பைலின் அளவைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மோனோவில் பதிந்தால்கூட நிமிடத்திற்குச் சுமார் 10 எம்பி ஆகும். என்னிடம் இருந்ததோ சில கேபி!

2021-ல் வந்த 3.0 பதிப்பு எல்லாவற்றையும் ஏயுபி3 என்ற ஒரே பைலாக்கிவிட்டது. மென்பொருளை மூடிய பிறகே அதைக் காப்பி செய்யுங்கள். ரீப்பரில் ஒலி தனி பைல்களாகவே இருக்கும். 'சேவ் ப்ராஜெக்ட் அஸ்' கட்டத்தில் மீடியாவையும் ப்ராஜெக்ட் போல்டருக்குள் காப்பி செய்யும் வசதியை டிக் செய்திடுங்கள்.

இப்போது பாட்டுக்கு ஒரு போல்டர் வைக்கிறேன். பெயரில் தேதி இருக்கும், கூடவே ஒரு வேவ் பைலும் இருக்கும். காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிக் கேட்காமல் எதையும் அழிப்பதில்லை.

பாட்டி மறுபடியும் பாடினார். நடுவில் இரண்டு அடிகள் மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.