காதுக்குத் தெரியும் கடல்

"மகன் கடலுக்குள் நீந்துகிற கேம் ஒன்றை விளையாடுகிறான். சுடுவது, வெட்டுவது எதையும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் அறை விளக்கை எல்லாம் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறான். அதில் அப்படி என்ன பயம்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேமின் பெயரை அவர் எழுதவில்லை. அவர் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது சப்நாட்டிகாவாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கேம் என்பதால், கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோவின் அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் இதை அரைகுறையாகவே வெளியிட்டு, விளையாடியவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2018 ஜனவரியில் முழுமையாக்கியது. அரோரா என்ற விண்கப்பல் 4546பி என்ற கடல் கிரகத்தில் விழுகிறது. தப்பிப் பிழைத்த ஒருவராக நாம் மீன் பிடித்து, உலோகம் பொறுக்கி, கருவி செய்து, கடலடியில் வீடு கட்டி வாழ வேண்டும். இந்த வகை கேம்களின் வழக்கமான படிகள்தான் இவை. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆயுதம் இல்லாதது தற்செயல் அல்ல. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த கேம் உருவாகத் தொடங்கிய காலம் அது. இன்னொரு துப்பாக்கி கேமை உலகத்துக்குத் தர மனம் வரவில்லை என்பதை இதன் இயக்குநர் சார்லி கிளீவ்லேண்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். கையில் இருப்பது ஒரு சிறு கத்தி. மிருகங்களைச் சில நொடிகள் உறையவைக்கும் கருவி ஒன்றைப் பின்னால் செய்துகொள்ளலாம். அரும்பாடுபட்டு ஒரு ராட்சத மிருகத்தைக் கொன்றாலும் அதன் உடலிலிருந்து ஒன்றும் கிடைக்காது. ஆகவே ஒளிய வேண்டும், விலக வேண்டும், அதற்கு முன்பு அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

கேம் வரைபடமும் தருவதில்லை. தொடக்கத்தில் மூச்சு 45 நொடிக்குத்தான் வரும். ரீபிரீதர் என்ற மூச்சுக் கருவி இல்லாமல் 100 மீட்டருக்குக் கீழே போனால் ஆக்சிஜன் இன்னும் வேகமாகத் தீரும். நிஜக் கடல் இதைவிடக் கடுமையானது. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 100 மீட்டரில் சிலிண்டர் வைத்து மூச்சுவிடுகிறவர் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பில் செலவாவதைப் போல 11 மடங்கு காற்றைச் செலவழிப்பார். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியிட்டு ஆளை முடக்கும். அந்தத் தண்டனையை கேம் நமக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கடலடி கையால் ஒவ்வொரு பாறையாக வடிவமைக்கப்பட்டது, எல்லோருக்கும் ஒன்றேதான். அதனால் முழு வரைபடமும் இணையத்தில் கிடைக்கிறது. எந்த மிருகம் எங்கே காத்திருக்கிறது என்று காட்டும் வீடியோக்களும் உண்டு. பிள்ளைகள் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குகிறார்கள். தெரியாத கடல் ஒருவருக்கு ஒருமுறைதான் வாய்க்கும். அதை ஒரு மாலையில் வீணாக்கிவிட்டால், பிறகு எத்தனை மணி நேரம் விளையாடினாலும் அது திரும்பக் கிடைக்காது.

இன்னொரு வீணடிப்பு, வீட்டில் தொந்தரவு என்று ஒலியை அடக்கிவிட்டு விளையாடுவது. வாசகியின் கேள்விக்கான பதில் முழுவதும் அந்த ஒலியில்தான் இருக்கிறது. சைமன் சிலின்ஸ்கி அமைத்த ஒலி அது. அரோரா விழுந்து கிடக்கும் கலங்கல் நீரில் நீந்தும்போது எங்கிருந்தோ ஓர் உறுமல் வரும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ரீப்பர் லெவியத்தான் என்ற 55 மீட்டர் நீள மிருகத்தின் குரல் அது. எப்படியோ பிழைத்து அதைக் கருவியால் ஆராய்ந்தால், திரையில் ஒரு குறிப்பு வரும்: இந்த உறுமல் எதிரொலி கேட்டு இரை தேடும் முறை, உங்களுக்கு அது கேட்கிறது என்றால், அதற்கு நீங்கள் தெரிகிறீர்கள். அதைப் படித்த பிறகு பழைய உறுமல்களை எல்லாம் மனம் ஒருமுறை திரும்பக் கேட்டுப் பார்க்கும்.

எங்கள் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகிய வயதில் ஒரு பந்தயம் உண்டு. ஒருவன் முங்கி இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவான். மற்றவர்கள் கண்ணை மூடி முங்கி, எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். யாருக்கும் சொல்ல வராது. தலைக்குள்ளேயே தட்டுவதுபோல் இருக்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. இடப்பக்கம் எழுந்த சத்தம் வலது காதை அடைய ஓர் இமைப்பொழுதிலும் சிறு பங்கு தாமதமாகும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணக்கிடுகிறது. தண்ணீரில் ஒலி நொடிக்கு 1500 மீட்டர் ஓடுவதால், அந்தத் தாமதம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். போதாக்குறைக்கு, நம் தலையும் பெரும்பாலும் தண்ணீர்தான். ஒலி காதுமடலைப் பொருட்படுத்தாமல் மண்டையோட்டின் வழியாகவே உள்ளே நுழைந்துவிடும். கேமில் ஹெட்ஃபோன் போட்டால் இடமா வலமா என்பதாவது ஓரளவு பிடிபடும். மேலேயா கீழேயா என்பது பிடிபடாது. கடலில் அந்த இரண்டும்தான் முக்கியம்.

ரீப்பரின் முறையில் ஒரு பிழை உண்டு. எதிரொலி கேட்டு இரை பிடிக்க அடித்தொண்டை உறுமல் உதவாது. 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் தண்ணீரில் 15 மீட்டர். அவ்வளவு நீள அலை ஒரு மனிதனைக் கவனிக்காமல் தாண்டிப்போகும்; பாறை முகடு, கடலடிச் சரிவு மாதிரிப் பெரியவைதான் அதற்குத் தட்டுப்படும். சின்னதைப் பார்க்கச் சின்ன அலை வேண்டும். அதனால்தான் டால்ஃபின்கள் நம் காதுக்கு எட்டாத 1,00,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே ஒலி எழுப்புகின்றன. அந்த அலையின் நீளம் 1.5 சென்டிமீட்டர். ஸ்பெர்ம் திமிங்கிலம் வெளிச்சமே எட்டாத 1000 மீட்டர் ஆழத்தில் கணவாய் தேடும்போது 'டிக் டிக்' என்று சொடுக்கும். விலங்குகள் எழுப்பும் ஒலிகளில் மிக உரத்தவற்றுள் ஒன்று அது. சொடுக்குக்கும் சொடுக்குக்கும் நடுவே வரும் எதிரொலியில் இரையின் தூரம் தெரிந்துவிடும். நெருங்க நெருங்கச் சொடுக்குகள் வேகமெடுத்து, கடைசியில் கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரீப்பருக்கு உறுமலுக்குப் பதில் இந்த ஒலியைக் கொடுத்திருந்தால் இன்னும் பயமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதை எழுதும்போது மனம் 4546பி கிரகத்தை விட்டு நம் கடலுக்கே வந்துவிடுகிறது. ஒளி 200 மீட்டரிலேயே மங்கி, 1000 மீட்டரில் அறவே நின்றுவிடும் இடத்தில் வாழ்கிற உயிர்களுக்குக் காதுதான் கண். அந்தக் காதருகே நாம் இரவு பகலாகக் கப்பல் ஓட்டுகிறோம். சரக்குக் கப்பல்களின் இரைச்சலில் பெரும்பகுதி, பெரிய திமிங்கிலங்கள் ஒன்றையொன்று கூப்பிடும் அதே தாழ்ந்த அதிர்வெண்களில்தான் விழுகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் கப்பல் போக்குவரத்து குறைந்தபோது, கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நீரடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அங்கே ரைட் திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்து ஆராய்ந்துகொண்டிருந்த ரோசலிண்ட் ரோலண்ட் குழுவினர், அதே நாட்களில் அவற்றின் உடலில் மன அழுத்த ஹார்மோனும் குறைந்திருந்ததைக் கண்டார்கள். 2012-இல் அந்த ஆய்வு வெளியானது. அதுவரை அந்த விலங்குகள் எந்நேரமும் அழுத்தத்தில் வாழ்ந்தது, சத்தம் குறைந்தபோதுதான் நமக்குத் தெரியவந்தது.

பிளாஸ்டிக்கை அள்ள வேண்டும், எண்ணெய்க் கசிவைத் துடைக்க வேண்டும். இரைச்சல் அப்படி அல்ல. கப்பல் மெதுவாகப் போனால் அந்த நிமிடமே குறைந்துவிடும். கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2017 முதல் ஹாரோ நீரிணையில் ஓர்கா திமிங்கிலங்கள் சால்மன் மீன் தேடும் பருவத்தில், வேகத்தைக் குறைத்துச் செல்லும்படி கப்பல்களைக் கேட்டுக்கொள்கிறது. கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வழியே போகும் கப்பல்களில் பெரும்பாலானவை வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.