ஐந்தில் வளைக்கலாம், எத்தனை தடவை?

திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மகளுக்கு ஆறு வயது. பேட்மிண்டன் அகாடமியில் சேர்த்திருக்கிறார். இதுவரை வாரத்தில் மூன்று நாள், மாலையில் ஒரு மணி நேரம். இனிமேல் ஆறு நாளும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் வரவேண்டும் என்கிறாராம் பயிற்சியாளர். காரணம் கேட்டதற்கு, ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா சார்?’ என்றாராம். எலும்பு முற்றுவதற்குள் பழக்கினால்தான் உண்டு என்பது அறிவியல்படி சரியா, சரி என்றால் எவ்வளவு பழக்கலாம் என்பது வாசகரின் கேள்வி.

முதல் பாதிக்கு விடை: ஓரளவு சரி. பின்லாந்தில் டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 1995இல் வெளிவந்தது. பூப்பெய்தும் முன்போ அதையொட்டியோ ஆடத் தொடங்கியவர்களுக்கு மட்டை பிடிக்கும் கைக்கும் மற்றக் கைக்கும் எலும்புத் தாதுவில் இருந்த வித்தியாசம், வளர்ந்தபின் தொடங்கியவர்களுக்கு இருந்ததைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு. ஆக, சின்ன வயது எலும்பு சொன்னால் கேட்கும். எத்தனை தடவை சொன்னால் கேட்கும் என்பதில்தான் அகாடமிகளும் எலும்பும் பிரிகின்றன.

அங்கே போவதற்குமுன் வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸ் பேனர்களை ஒதுக்கிவிடுவோம். பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் மேதை ஆகலாம் என்ற வாசகம் இல்லாத அகாடமி அபூர்வம். அந்த வாசகத்துக்கு மூலமான, ஆண்டர்ஸ் எரிக்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வு பெர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பற்றியது. அதை விதியாக்கியது 2008இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய புத்தகம். நான் அப்படிச் சொல்லவில்லை என்று எரிக்சனே பிற்பாடு மறுத்தார். பேனர் அடித்தவர்கள் படிக்கவில்லை. தவிர, வயலின் வாசிக்கிறவருக்குக் குதிகால் வலிப்பதில்லை.

இன்னொன்று, குழந்தைச் சாதனைகள். ஒடிசாவின் புதியா சிங்கைப் பலருக்கு நினைவிருக்கும். 2006 மே மாதம், நான்கு வயதில், புரியிலிருந்து புவனேசுவரம் வரை 65 கிலோமீட்டரை 7 மணி 2 நிமிடத்தில் ஓடிய சிறுவன். நாடே கைதட்டியது, பிறகு மாநில அரசு தலையிட்டு அவன் நெடுந்தூரம் ஓடத் தடை விதித்தது. வளர்ந்தபின் சர்வதேசப் பதக்கப் பட்டியல் எதிலும் அவர் பெயர் ஏறவில்லை. ஒரு பையனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று மணி நேரம் சிலம்பம் சுற்றும் யுகேஜி குழந்தைக்குச் சான்றிதழும் கேடயமும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அதனால் குறையவும் இல்லை.

இனி எலும்பு. அது வளைகிறது, ஐந்திலும் வளைகிறது, ஐம்பதிலும் வளைகிறது. அந்தச் சிறுமி துள்ளிக் குதித்துத் தரையில் இறங்கும் நொடியில் அவளுடைய கீழ்க்கால் எலும்பு மிக மிகச் சிறிதாக வளைந்து நிமிர்கிறது. எலும்பின் ஒரு பக்கம் அமுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. அதிகம் போனால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. இந்த வளைவை உள்ளேயிருந்து கவனிக்க ஆள் உண்டு. எலும்பைக் கட்டிய செல்களில் சில, தாம் கட்டிய சுவருக்குள்ளேயே அடைபட்டுத் தங்கிவிடுகின்றன. ஆஸ்டியோசைட் என்று பெயர். வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் சுமார் 4,200 கோடி இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பல பத்துக் கைகளை மயிரிழையைவிட மெல்லிய கால்வாய்களின் வழியே நீட்டி, அக்கம்பக்கத்துச் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கால்வாய்களில் கைகளைச் சுற்றிலும் திரவம்.

எலும்பு வளையும்போது, அமுங்கிய பக்கத்துத் திரவம் இழுபட்ட பக்கத்துக்குப் பாய்கிறது. பாயும்போது அந்தக் கைகளை உரசிப்போகிறது. உரசலை உணர்ந்த செல் என்ன செய்கிறது? கட்டு என்று உத்தரவு போடுவதைவிட அழகான காரியம் ஒன்றைச் செய்கிறது. சாதாரண நேரத்தில் அது ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்து, மேற்பரப்பில் எலும்பு கட்டும் வேலையை அடக்கியே வைத்திருக்கும். உரசல் வந்ததும் அந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. தடை தளர, எந்த இடம் அதிகம் வளைந்ததோ அந்த இடத்தில் கட்டுமானம் தொடங்குகிறது.

விசேஷம் இனிமேல்தான். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டர்னர், அலெக்சாண்டர் ராப்ளிங், டேவிட் பர் ஆகியோர் எலிகளின் கால் எலும்பை அளந்து அளந்து வளைத்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நாளுக்கு 360 வளைவு, ஒரே மூச்சில். இன்னொன்றுக்கு அதே 360, தொண்ணூறு தொண்ணூறாக நான்கு தவணையில். தவணை எலிகளுக்கே எலும்பு கூடுதலாகக் கட்டியது. தொடர்ந்து இருபது முறை வளைத்ததுமே எலும்பு தன் உணர்திறனில் 95 சதவீதத்துக்குமேல் இழந்துவிடுகிறது என்று டர்னரும் ராப்ளிங்கும் எழுதினார்கள். முழு உணர்வும் திரும்ப எட்டு மணி நேரம்போல் ஆகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் இடையில் 14 விநாடி விட்டு வளைத்தால் பலன் கூடுகிறது. ஜப்பானில் உமெமுரா குழுவினர் 1997இல் எலிகளைக் குதிக்கவிட்டுப் பார்த்ததிலும் இதே கதை. நாளுக்கு ஐந்து குதியிலேயே எலும்பு கனத்தது. நூறு குதி குதித்தவை அதைவிடக் கொஞ்சம்தான் முன்னே நின்றன.

வீட்டு அழைப்பு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அடித்ததும் உள்ளே இருப்பவர் எழுந்து வருகிறார். பக்கத்து வீட்டுப் பையன் விளையாட்டுக்கு இருபது தடவை விடாமல் அமுக்கினால், டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பையன் ஓய்ந்துபோய், சாயங்காலம் வேறொருவர் ஒரே ஒரு தடவை அடித்தால் மறுபடி எழுந்து வருகிறார். அகாடமியில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் நடக்கும் டிரில் அந்தப் பையன்தான். இதை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் காதை மூடிக்கொண்டாலும் வாசலில் இருக்கும் ஸ்விட்சுக்கு ஒவ்வொரு அமுக்கலும் அமுக்கல்தான். இருபதாவதும் இருநூறாவதும் அதன் ஸ்பிரிங்கை ஒரே மாதிரி தேய்க்கின்றன. கடைசியில் எலக்ட்ரீஷியன் வருவார். கழற்றிப் பார்த்துவிட்டு, ‘ஒரு மாசத்துக்கு யாரும் இதைத் தொடாதீங்க’ என்பார். எலும்பு மருத்துவரும் அதையேதான் சொல்வார், ஃபீஸ் மட்டும் வேறு.

ஸ்விட்ச் எது என்றால், வளர்ச்சித் தட்டு. நீள எலும்புகளின் முனைக்கருகே இருக்கும் குருத்தெலும்பு அடுக்கு. பெண் குழந்தைகளுக்கு 14, 15 வயதுவாக்கிலும் ஆண்களுக்கு இன்னும் ஓரிரு ஆண்டு தள்ளியும் மூடிக்கொள்ளும். அங்கே செல்கள் பிரிந்து வரிசைகட்டி, ஊதிப் பெருத்து, பிறகு சுண்ணம் படிந்து எலும்புக்கு இடம்விடுகின்றன. அந்தக் கடைசிக் கட்டத்துக்குக் கீழிருந்து ரத்தக்குழாய்கள் ஏறி வரவேண்டும். ஓயாத அதிர்ச்சி அந்த ரத்த ஓட்டத்தைக் கெடுத்தால், பெருத்த செல்கள் எலும்பாக மாறாமல் அப்படியே தேங்கிவிடும். அதனால்தான் கைகளால் தரையில் ஊன்றி ஊன்றிப் பழகும் ஜிம்னாஸ்டிக்ஸ் சிறுமிகளின் மணிக்கட்டு எக்ஸ்ரேயில் தட்டு தேய்ந்து குறுகியிருக்காது, அகன்று தெரியும். சரியான நேரத்தில் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேட்மிண்டனில் அடி வாங்குவது குதிகாலும் முழங்காலும். ஆறு வயதில் இது அரிதுதான். பிள்ளை விறுவிறுவென்று வளரும் ஒன்பது, பத்து வயதுக்கு மேல், குதிகாலின் இரு பக்கத்தையும் விரலால் அழுத்தும்போது முகம் சுளித்தாலோ நொண்டினாலோ, ‘சோம்பேறித்தனம்’ என்று பயிற்சியாளர் சொல்வதை நம்பவேண்டாம்.

சரித்திரம் இல்லாமல் விட்டால் ஆசிரியர் கோபிப்பார். சுமை வரும் வழியில் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று ஜெர்மனியின் யூலியஸ் வூல்ஃப் 1892இல் எழுதினார். எல்லாப் பாடநூலும் அங்கேதான் தொடங்கும். வளரும் பிள்ளைகளின் முழங்கால் வலியை 1903இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என இருவர் தனித்தனியே விவரித்தார்கள், குதிகால் வலியை 1912இல் செவர். அந்த வலிகளுக்கு இன்றும் அவர்கள் பெயர்தான்.

எலியின் காலை வைத்துக் குழந்தையின் காலைப் பேசலாமா என்ற சந்தேகம் நியாயமானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹெதர் மெக்கே குழுவினர் பள்ளிப் பிள்ளைகளிடமே சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். பத்து வயதையொட்டிய பிள்ளைகள், பள்ளி மணி அடிக்கும்போது எழுந்து பத்துத் தடவை துள்ளவேண்டும். நாளுக்கு மூன்று முறை. மொத்தம் மூன்று நிமிடம் ஆகும். எட்டு மாதம் கழித்து அளந்தபோது, தொடை எலும்பின் மேல்பகுதியில் தாதுச் சேர்க்கை மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருந்தது. சின்ன ஆய்வு, துள்ளியவர்கள் ஐம்பதையொட்டிய பிள்ளைகள். ‘மூன்று நிமிடத்தில் இரும்பு எலும்பு’ என்று நாளைக்கே யாராவது பேனர் அடிப்பார்கள், அதையும் நம்பவேண்டாம். ஆனால் எலி சொன்னதற்குப் பிள்ளைகளும் எதிராகச் சொல்லவில்லை.

கலிஃபோர்னியாவில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டு, விநாடிக் கணக்கில் கவனித்த ஆய்வு ஒன்று 1995இல் வந்தது. கடுமையான ஓட்டமோ குதியோ நீடித்த நேரத்தின் இடைநிலை அளவு மூன்றே விநாடி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிட்டது. பாண்டி ஆடும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை. நாலு கட்டம் நொண்டுவது, கோட்டை மிதித்தாயா இல்லையா என்று ஐந்து நிமிடம் சண்டை, மறுபடி நாலு கட்டம். பெரியவர்கள் இதைக் கவனச்சிதறல் என்று சொல்லி, திருத்தக் காசு கட்டுகிறோம்.

சரி, எலும்பு போகட்டும், பதக்கம்? ஆர்னே குல்லிஷ் குழுவினர் 2021இல், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிறுவர் பிரிவில் ஜெயிப்பவர்கள் சீக்கிரம் தொடங்கியவர்கள், ஒரே விளையாட்டில் அதிக மணி நேரம் போட்டவர்கள். பெரியவர் பிரிவில் உலகத் தரத்துக்கு ஏறியவர்கள் நேரெதிர்: சிறுவயதில் பல விளையாட்டு ஆடி, தம்முடைய விளையாட்டுக்குத் தாமதமாக வந்து, அதில் குறைவாகப் பயிற்சி செய்து, மெதுவாக முன்னேறியவர்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் கோப்பைகளை வாசல் அலமாரியில் அடுக்கி ஆள் சேர்க்கும் அகாடமிக்கு முதல் பாதி போதும். நார்வேயில் 11 வயதுக்குமுன் புள்ளிப்பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது, 13க்குமுன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. அப்போது 55 லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கி முதலிடத்தில் நின்றது. பனியும் எண்ணெய்ப் பணமும் உள்ள நாடு என்பதை மறந்து, விதியால்தான் ஜெயித்தார்கள் என்று நான் சொன்னால் அதுவும் பேனர்தான். விதியால் தோற்கவில்லை என்ற அளவுக்குச் சொல்லலாம்.

திருப்பூர்க்காரருக்கு எண்ணாகவே விடை சொல்கிறேன். வாரத்தில் ஒழுங்குபடுத்திய பயிற்சி, பிள்ளையின் வயதைவிட அதிக மணி நேரம் போகக் கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சிகாகோ பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களைப் பார்த்ததில், இந்தக் கோட்டைத் தாண்டியவர்களுக்கு அதீதப் பயிற்சிக் காயங்கள் அதிகம். கரடுமுரடான அளவுகோல்தான், ஆனாலும் கையில் வைத்துக்கொள்ளத் தோதானது. மகளுக்கு வயது ஆறு, பயிற்சியாளர் கேட்பது வாரம் 12 மணி. ஒரே விளையாட்டு என்று முடிவுசெய்வதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். இப்போதுள்ள மூன்று நாள் போதும், மிச்ச நாளில் தெருவில் விடுங்கள். காலையிலும் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால், பள்ளி வேன் வருவதற்குள் வாசலில் பத்துத் துள்ளல் துள்ளட்டும்.

கடிதத்தின் கடைசியில் ஒரு குறையும் எழுதியிருந்தார். ஒரு கோர்ட்டில் பதினைந்து பிள்ளைகள், பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போகிறது, கூடுதல் பணம் கட்டினால் தனிப் பயிற்சி, வரிசையே கிடையாது என்கிறார்களாம். ஒரு ஷாட் அடித்துவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய், முன்னால் நிற்கும் தோழியின் சடையை இழுத்துவிட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி குதிப்பது அவளுடைய எலும்புக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அந்தப் பணத்தைக் கட்டவேண்டாம்.