கூரையிலே ஓர் ஆளி

சிட்னியிலோ மெல்பேர்ணிலோ உற்றார் உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மவரிடையே இக்காலத்தில் அரிது. அவர்கள் அனுப்பும் படங்களில் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கின்றோம். முற்றத்தில் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியையும் பார்த்து மகிழ்கின்றோம். வீட்டுக் கூரையை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. இனி வரும் படத்தில் கூரையையும் சற்றே உற்று நோக்குமாறு நேயர்களை வேண்டுகின்றோம்.

அங்கே ஏறக்குறைய மூன்று வீடுகளுக்கு ஒன்றில் சூரியத் தகடுகள் வரிசையாகப் படுத்திருக்கும். 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் அவுஸ்திரேலியாவில் வீடுகளும் சிறு கடைகளுமாக 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கூரைகளில் அவை ஏறிவிட்டன. அவற்றுட் சில கூரைகளில், தகடுகளின் ஓரமாக, சாப்பாட்டுப் பெட்டி அளவினதான ஒரு பிளாஸ்டிக் பெட்டி தென்படும். அதனுள் இருப்பது ஓர் ஆளி. வீட்டைக் காப்பதற்கென்று விதி வகுத்துக் கூரையேற்றப்பட்ட அந்த ஆளிதான் பல வீடுகளில் தீயை மூட்டியது. அக்கதையையே இவ்வாரம் சொல்லப் புகுகின்றோம். நம் நாட்டுக் கூரைகளிலும் தகடுகள் பெருகி வரும் இந்நாளில் அஃது அயலார் கதை என்று தள்ளிவிடக் கூடியதன்று.

முதலில் மின்சாரத்தின் இருவகைக் குணத்தை அறிதல் வேண்டும். நம் வீட்டுச் சுவருக்கு வருவது ஆடலோட்டம். அது ஒரு செக்கனில் 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடுகின்றது; ஆடும்போது 100 தடவை பூச்சியத்தைத் தொட்டு மீள்கின்றது. நாம் விளக்கை அணைக்கும் வேளையில் ஆளியின் உலோக நாக்குகள் இரண்டும் பிரிகின்றன. அவற்றினிடையே ஒரு பொறி பறக்கின்றது. ஆனால் ஓட்டம் அடுத்த கணமே பூச்சியத்துக்கு வந்துவிடுவதால் பொறி தானாகவே அவிந்து போகின்றது. சூரியத் தகடு தருவதோ நேரோட்டம். அது வாய்க்கால் நீர்போல ஒரே திசையில் ஓடிக்கொண்டிருப்பது. பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே இணைப்பு ஒன்று தளர்ந்து இடைவெளி உண்டானால் அங்கே தோன்றும் பொறி அவியாது நின்று எரியும். மின்வில் என்று அதனைச் சொல்வர். அதன் வெப்பம் பல்லாயிரம் பாகை. செம்பு உருகும், பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும்.

இன்னும் ஒரு சங்கடம் உண்டு. தகட்டை அணைக்க முடியாது. சூரியன் மேலே நிற்கும் வரை அது மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கும். தகடுகளைத் தொடராக இணைக்கும்போது அழுத்தம் பல நூறு வோல்ற்றுக்கு உயரும். அவுஸ்திரேலிய வீடுகளில் முன்பு 600 வோல்ற்று வரை இடமளிக்கப்பட்டிருந்தது. நம் சுவரில் இருப்பது 230 வோல்ற்றே என்பதை நினைவிற் கொண்டால் அதன் வலிமை விளங்கும். கூரையிலிருந்து இம்மின்சாரம் கம்பி வழியே இறங்கி, இன்வேர்ட்டர் என்னும் மாற்றுப் பெட்டியை அடைந்து, அங்கேதான் வீட்டுக்கேற்ற ஆடலோட்டமாக மாறுகின்றது.

இனி விதியின் கதைக்கு வருவோம். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கூட்டாக வெளியிடும் நியமங்களுள் 5033 என்னும் எண் பெற்றது சூரியத் தகடு பொருத்துவோருக்கு உரியது. அதை அறியாமல் அங்கே எவரும் இத்தொழிலைச் செய்ய இயலாது. அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, இன்வேர்ட்டருக்கு அருகே உள்ள ஆளி போதாது, கூரையின் மீது தகடுகளுக்குப் பக்கத்திலும் ஓர் ஆளி இருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டது. எண்ணம் நல்லதே. வீடு தீப்பற்றினால் தீயணைப்போர் கோடரியும் நீர்க்குழாயுமாக உள்ளே புகுவர். முகட்டுக்குள் ஓடும் கம்பியில் பல நூறு வோல்ற்று நேரோட்டம் நின்றால் அவர்கள் உயிருக்கு ஆபத்து. மேலேயே துண்டித்துவிட்டால் கம்பி செத்த கம்பியாகிவிடும் அன்றோ? இப்படிக் கேட்டால் யார்தான் வேண்டாமென்பர்? ஆயினும் ஜேர்மனி, பிரித்தானியா முதலிய நாடுகள் கூரை ஆளியைக் கட்டாயமாக்கவில்லை. இன்வேர்ட்டர் அருகே ஒன்று இருந்தாற் போதும் என்றே அவை கருதின.

கூரை என்பது எத்தகைய இடம் என்பதை விதி வகுத்தோர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவுஸ்திரேலியக் கோடை வெயில் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்வது. பகலில் பெட்டிக்குள்ளே காற்று சூடேறி விரியும்; இரவில் குளிர்ந்து சுருங்கும்; சுருங்கும்போது வெளியிலுள்ள ஈரத்தை உள்ளே இழுக்கும். கம்பி நுழையும் துவாரம் மேற்புறமாக அமைந்துவிட்டால் மழைநீர் கம்பியைப் பற்றிக்கொண்டே உள்ளே இறங்கும். பல பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீர், பல நூறு வோல்ற்று நேரோட்டம், துருப்பிடித்த திருகாணி ஆகிய மூன்றும் ஒரு சிறு பெட்டிக்குள் கூடினால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆளியையோ ஆண்டுக்கணக்கில் எவரும் திருப்புவதில்லை. தீப்பற்றிய வீட்டின் கூரைமேல் ஏணி வைத்து ஏறி அதனைத் திருப்புவார் யார் என்பது நமக்கு இன்றளவும் விளங்காத ஒன்று.

2014ஆம் ஆண்டில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ஒருவகை ஆளி தீப்பிடிப்பது கண்டு, ஆயிரக்கணக்கானவற்றை மீளப்பெறுமாறு உத்தரவு பிறந்தது. இறக்குமதி செய்த கம்பெனியோ கலைக்கப்பட்டுவிட்டது. பின்னர் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புப் படையினர், சூரிய மின் அமைப்புக்களால் உண்டாகும் தீ விபத்துக்களுக்கு முதன்மையான காரணங்களுள் இந்த ஆளிகளும் உள்ளன என வெளிப்படையாகவே எச்சரித்தனர். யாருடைய உயிரைக் காக்க அது ஏற்றப்பட்டதோ அவர்களே அதனை அணைக்க ஓட வேண்டியதாயிற்று.

இதில் நம் மனத்தை வருத்துவது தொழிலாளியின் நிலை. அசட்டையாக வேலை செய்பவனும் அந்தப் பெட்டியைப் பூட்டினான். நேர்மையாக வேலை செய்பவனும் அதைப் பூட்டினான். இது தீங்கு என்று கண்கூடாகக் கண்டறிந்த அனுபவசாலி ஒருவர் அதனை விட்டுவிட்டு இறங்க எண்ணினாலும் இறங்க முடியாது. விதிப்படி இல்லாத வேலைக்கு அனுமதியும் கிடையாது, உதவிப் பணமும் கிடையாது. தன் கையாலேயே, தான் நம்பாத ஒன்றைப் பிறர் வீட்டின் மீது வைத்துவிட்டு வரும் மனிதனின் உறக்கம் எப்படி இருந்திருக்கும்? தொழில் தெரிந்தவர் பலர் பல ஆண்டுகளாக முறையிட்டனர். விதியும் சிறிது சிறிதாக வளைந்து கொடுத்தது. ஆளிக்கு வெயில் படாமல் மூடி வேண்டும் என்றார்கள். மேற்புறமாகக் கம்பி நுழையலாகாது என்றார்கள். மருந்துக்கு மேல் மருந்து வந்ததேயொழிய, நோய் அந்தப் பெட்டியேதான் என்று ஒப்புக்கொள்ள நாளாயிற்று.

2021 நவம்பரில் 5033இன் புதிய பதிப்பு வெளிவந்தது. கூரை ஆளி இனிக் கட்டாயமன்று என்றது அது. அதற்குப் பதிலாகத் ‘துண்டிக்கும் இடம்’ ஒன்று இருந்தாற் போதும். கீழே ஆளியை அணைத்து ஓட்டத்தை நிறுத்திய பின், மேலே கழற்றக்கூடிய இணைப்பு அது. ஓட்டம் இருக்கும்போது கழற்றாதே என்ற எச்சரிக்கைச் சீட்டும் அருகே ஒட்டப்படும். ஆறு மாத காலம் பழைய விதியும் புதிய விதியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. 2022 மே மாதத்தின் பின் புதியதே நின்றது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ஏறிய பெட்டிகளின் கதி? நியமம் முன்தேதியிட்டுப் பாய்வதன்று. அன்றைய விதிப்படி செய்த வேலை அன்றைய விதிப்படி சரியே. ஆகவே வீட்டுக்காரர் தாமாகக் கூப்பிட்டாலன்றி எவரும் அக்கூரைகளில் மீண்டும் ஏறப் போவதில்லை.

ஏறித்தான் ஆக வேண்டும் என்று ஒரு நாடு முடிவு செய்ததும் உண்டு. அது ஜேர்மனி. அங்கே நேர்ந்தது தீயன்று, வேறொரு சங்கதி. மின்சாரத்தின் ஆட்டம் செக்கனுக்கு 50 தடவை என்றோம். உற்பத்தி மிகுந்தால் அவ்வெண் ஏறும்; குறைந்தால் இறங்கும். எண் 50.2ஐத் தாண்டினால் சூரிய இன்வேர்ட்டர்கள் உடனே விலகிவிட வேண்டும் என்பது அங்கு வழங்கிய பழைய விதி. தகடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாய் இருந்த நாளில் அதனால் ஒரு கெடுதியும் இல்லை.

2006 நவம்பர் 4ஆம் திகதி இரவு, எம்ஸ் நதியில் ஒரு பெரிய உல்லாசக் கப்பல் கடந்து செல்வதற்காக மேலே ஓடிய உயரழுத்தக் கம்பிகளை நிறுத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக ஐரோப்பிய மின்வலை மூன்று துண்டாகப் பிளந்தது. ஒரு துண்டில் எண் 51க்கும் மேலே ஏறியது. இரவானபடியால் தகடுகள் உறங்கிக்கொண்டிருந்தன. அதுவே நண்பகலாய், அதுவும் தகடுகள் பெருகிய பிற்காலத்து நண்பகலாய் இருந்திருப்பின்? கணக்கிட்டுப் பார்த்தபோது, ஒரே கணத்தில் 9,000 மெகாவாற்று வரை விலகக்கூடும் எனக் கண்டனர். ஐரோப்பா முழுவதற்கும் உடனடிக் கையிருப்பாக வைத்திருந்ததோ 3,000 மெகாவாற்று. ஒவ்வொரு வீட்டிலும் விதி சரியாகத்தான் இருந்தது. எல்லா வீடும் சேர்ந்தபோது அதுவே அபாயமாயிற்று.

ஆதலின் 2012 முதல் புதிய விதி வந்தது. 50.2ஐத் தாண்டினால் ஓடிவிடாதே, படிப்படியாகக் குறைத்துக்கொள் என்பது அதன் சாரம். அத்துடன் நில்லாமல் அதே ஆண்டில் ஓர் ஆணையும் பிறந்தது. 10 கிலோவாற்றுக்கு மேற்பட்ட 3 இலட்சத்துக்கும் அதிகமான பழைய அமைப்புக்களைத் தேடிப்போய் இன்வேர்ட்டரைத் திருத்த வேண்டும். செலவு வீட்டுக்காரர் தலையில் அன்று, மின்சாரம் பாவிப்போர் அனைவரின் கட்டணத்திலும் பகிரப்படும் என்பது ஆணை. விதி தவறியது விதி வகுத்தோரால். கூலியை ஊர் கொடுப்பது நியாயமென்றே நமக்கும் படுகின்றது.

நிற்க. நம் நாட்டுக்கு வருவோம். 2010இல் கூரை மின்சாரத்தை மின்சார சபைக்குக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கும் முறை தொடங்கியது. 2016 செப்டெம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தின் பின் தகடுகள் விரைந்து பெருகின. 2025 பெப்ரவரி 9ஆம் திகதியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், முற்பகல் 11 மணி கழிந்து சிறிது நேரம். ரைஸ் குக்கரில் சோறு பாதி வெந்தபடி நிற்க, நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதே காரணம் என்று அமைச்சர் சொல்ல, நாமெல்லாம் சிரித்தோம். ஆனால் மின்சார சபை சொன்ன மற்றொரு காரணம் சிரிப்புக்குரியதன்று. ஞாயிறு ஆனபடியால் தேவை குறைவு. வெயில் ஆனபடியால் கூரை மின்சாரம் மிகுதி. அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் பாரமான சுழல் இயந்திரங்கள் அவ்வேளையில் போதவில்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்த நாட்களிலும் முறைவைத்து மின்சாரம் வெட்டினார்கள்.

அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணி வரை தகடுகளைத் தாமாகவே அணைத்து வைக்குமாறு வீட்டுக்காரர்களைச் சபை கேட்டுக்கொண்டது. சிறிய கூரைகளைத் தொலைவிலிருந்து குறைக்க வழி இருந்திருப்பின் இந்த வேண்டுகோளுக்கு அவசியம் ஏது? இன்வேர்ட்டருக்குள் எந்த எண்கள் பதிக்கப்பட்டுள்ளன என்பதும், அவற்றைப் பின்னர் மாற்றக் கூடுமா என்பதும், இனி பொருத்துவோரின் தனிக் காரியம் அல்ல.

தகடு வைத்திருக்கும் நேயர்கள் அதனைப் பொருத்தியவரை ஒருமுறை அழைத்துச் சிலவற்றைக் கேட்கலாம். கூரைமேல் எங்கேனும் ஆளியோ இணைப்புப் பெட்டியோ உண்டா? கம்பிமுனைகள் ஒரே செய்கையைச் சேர்ந்தவையா, அல்லது கிடைத்ததைக் கிடைத்ததோடு மாட்டியதா? இன்வேர்ட்டரின் எண்களைப் பதித்தது எந்த ஆண்டு, எந்த விதிப்படி? விடைகளை ஒரு தாளில் எழுதி வாங்கி, மின்சாரச் சிட்டைகளோடு பத்திரப்படுத்துங்கள். தாமாக ஏணி வைத்து ஏறுவதோ பெட்டியைத் திறப்பதோ கூடவே கூடாது. பகல் முழுதும் அங்கே மின்சாரம் உயிரோடு இருக்கும். அழைப்பதாயின் மாரி தொடங்குமுன் அழையுங்கள். மழை பிடித்துவிட்டால் பாசி படர்ந்த ஓட்டின்மேல் அவர்களும் ஏற மாட்டார்கள்.